பூசணம் பிடித்த அப்பமும் பரிசுப்பணக் கடிதமும்

வேதபாடம்
வாசிக்க வேண்டிய பகுதி: யோசுவா 9-ம் அதிகாரம்



பிரியமானவர்களே, இந்த மாதம் கொஞ்சம் வித்தியாசமான பாடம். தலைப்பைப் பார்த்து, "பாஸ்டருக்கு என்ன ஆச்சு, வேதபாடத்துல லாட்டரியைப் பத்தி எழுதுறாரே" என்று நினைக்க வேண்டாம். போன மாதம் நம்முடைய சபை வாலிபர் ஒருவர் ஆராதனை முடிந்தும் போகாமல் ஒரு ஓரமாய் உட்கார்ந்திருந்தார். ஜீப் ஓட்டுகிறவர். விடியுமுன்னே போடியிலிருந்து தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு முந்தல் வழியாய் போடிமெட்டு ஏறி, பூப்பாறைப் பக்கம் போய் வருகிறவர். "என்ன தம்பி?" என்றேன். கண் கலங்கிவிட்டார். "23 ஆயிரம் போச்சு பாஸ்டர். வீட்ல இன்னும் சொல்லல. 12 நாளாச்சு" என்றார்.

அந்த 12 நாள்தான் என்னை எழுத வைத்தது. பணம் போனது ஒரு நஷ்டம். அதை வெளியே சொல்ல முடியாமல் மனதுக்குள் வைத்துப் புழுங்கியது அதைவிடப் பெரிய நஷ்டம். ஏன் இவ்வளவு உறுதியாய்ச் சொல்கிறேன் என்றால், அந்த இடத்தில் நானும் ஒரு காலத்தில் உட்கார்ந்திருந்தேன்.

கிபியோனியர் செய்த வேலை

முதலில் வேதத்துக்குப் போவோம். எரிகோவும் ஆயியும் விழுந்துபோன செய்தி கேட்டு, கிபியோன் ஊரார் ஒரு தந்திரம் பண்ணினார்கள். கழுதைகள்மேல் கிழிந்த கோணிகள், தையல் போட்ட திராட்சரசத் துருத்திகள், காலில் ஒட்டுப்போட்ட செருப்பு, உடம்பில் பழந்துணி, பையில் காய்ந்து பூசணம் பிடித்த அப்பம். இந்தக் கோலத்தில் கில்காலில் இருந்த யோசுவாவிடம் வந்தார்கள். ரொம்ப தூரத்திலிருந்து வருகிறோம், எங்களோடு உடன்படிக்கை செய்துகொள்ளுங்கள் என்றார்கள்.

இதில் நாலு காரியங்களை நன்றாய்க் கவனியுங்கள்.

ஒன்று, சந்தேகம் முதலிலேயே வந்தது. 7-ம் வசனத்தில் இஸ்ரவேலர், நீங்கள் எங்களுக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறவர்களாய் இருக்கலாமே என்று கேட்டுவிட்டார்கள். சரியான கேள்வி! ஆனால் அந்தக் கேள்வியைக் கடைசிவரை பிடித்துக்கொள்ளவில்லை.

இரண்டு, ஊர் பேர் சொல்லவில்லை. 8-ம் வசனத்தில் யோசுவா, நீங்கள் யார், எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று நேராய்க் கேட்கிறார். பதில் நீளமாய் வருகிறது. தூரம், தூரம் என்கிறார்கள். எந்த ஊர் என்று மட்டும் வாயில் வரவில்லை.

மூன்று, கர்த்தருடைய நாமத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். 9-ம் வசனம் பாருங்கள். எகிப்தில் தேவன் செய்ததையெல்லாம் கேள்விப்பட்டோம் என்று சாட்சி சொல்லுகிறார்கள். ஆவிக்குரிய பாஷை பேசினவுடன் இஸ்ரவேலருக்கு மனசு இளகிவிட்டது.

நான்கு, 14-ம் வசனம். பெரியவர்கள் அப்பத்தைப் பரிசோதித்தார்கள், கர்த்தரைக் கேட்கவில்லை. எந்தச் சாட்சி பொய்யாய்த் தயாரிக்கப்பட்டதோ, அதையே வைத்து உண்மையைத் தீர்மானித்தார்கள். மூன்று நாள் கழித்துப் பார்த்தால், தூரதேசத்தார் என்றவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் (வசனம் 16).

இந்த நாலையும் மனதில் வைத்துக்கொண்டு, இனி நான் சொல்லுகிறதைக் கேளுங்கள்.

எனக்கு வந்த கடிதம்

2011-ம் வருஷம். நான் பைபிள் காலேஜ் டிப்ளமோ முடித்து ஊழியத்துக்கு வந்து மூன்று வருஷம் இருக்கும். நமக்கு அப்போது தகரக் கொட்டகைதான். ஐப்பசி மழை வந்தால் பிரசங்கத்தைவிட தகரச் சத்தம்தான் பெரிதாய்க் கேட்கும். கூரைக்காக 21 நாள் உபவாச ஜெபம் வைத்தோம். ஏலக்காய் பொறுக்கப் போகிற சகோதரிகளும் தோட்டத்தில் காயெடுக்கப் போகிறவர்களும் பத்து, இருபது என்று போட்டுச் சேர்த்த கட்டடக் காணிக்கை 31,000 ரூபாய் கையில் இருந்தது.

உபவாசம் முடிந்த வாரம், பிரவுசிங் சென்டரில் போய் ஈமெயிலைத் திறந்தேன். "கிறிஸ்துவுக்குள் அன்பான தேவ ஊழியரே" என்ற அர்த்தத்தில் இங்கிலீஷில் ஒரு கடிதம். லண்டன் ஆஸ்பத்திரியில் புற்றுநோயால் சாகக்கிடக்கிற ஒரு விதவை. புருஷன் எண்ணெய்க் கம்பெனி வைத்திருந்தவர். பிள்ளைகள் இல்லை. 25 லட்சம் டாலரைத் தேவனுடைய வேலைக்குக் கொடுக்கும்படி ஆண்டவர் சொப்பனத்தில் சொன்னாராம். கீழே இரண்டு வேத வசனங்கள் வேறு.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஜெபத்துக்குப் பதில் வந்துவிட்டது என்று அந்த ஞாயிறே மேடையில் சாட்சி சொல்லிவிட்டேன். ஜனங்கள் அல்லேலூயா போட்டார்கள். சில அம்மாமார் அழுதார்கள்.

பிறகு வக்கீல் என்று ஒருவர் எழுதினார். பத்திரச் செலவுக்கு 18,500 ரூபாய் கட்ட வேண்டும் என்றார். வடநாட்டில் ஒரு ஊரிலுள்ள பேங்க் கிளையில் ஒரு தனி ஆளுடைய பேரில் கணக்கு. லண்டன் வக்கீலுக்கு எதற்கு நம்ம நாட்டுக் கணக்கு என்று ஒரு கேள்வி எனக்குள் எழும்பியது. 7-ம் வசனத்து இஸ்ரவேலர் மாதிரியே அதை அமுக்கிவிட்டேன். கட்டடக் காணிக்கையிலிருந்து எடுத்துக் கட்டினேன்.

பத்து நாளில் முத்திரை குத்தின சர்டிபிகேட் ஒன்று மெயிலில் வந்தது. பூசணம் பிடித்த அப்பம்! அதோடு அடுத்த செலவு: பணம் தீவிரவாதிகளுக்குச் சம்பந்தப்பட்டதல்ல என்ற சான்றிதழுக்கு 42,000. கையில் மிச்சம் இருந்தது 12,500. சபையில் சொன்னேன். ஏலக்காய் கடையில் காய் பொறுக்கும் ஒரு சகோதரி காதுத் தோட்டைக் கழற்றிக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கொடுக்கும்போது ஒன்று கேட்டார்கள். "கோவிச்சுக்கிராதீங்க பாஸ்டர். கொடுக்கிறவங்க நம்மகிட்ட எதுக்குக் கேக்குறாங்க?"

எனக்குக் கோபம் வந்தது. "அவிசுவாசமாப் பேசாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டேன். ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. முழங்காலில் நின்றால் அந்த ஒரு கேள்விதான் காதில் விழுகிறது. விடிந்ததும் தோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். மெயிலுக்குப் பதில் போடுவதை நிறுத்தினேன். வக்கீல் முதலில் கெஞ்சினார், பிறகு மிரட்டினார், பிறகு காணாமல் போனார்.

18,500 திரும்பவே இல்லை. மேடையில் சாட்சி சொன்ன அதே வாயால், அதே மேடையில் நின்று, ஏமாந்துபோனேன் என்று சபைக்கு அறிக்கையிட எனக்கு ஐந்து வாரம் பிடித்தது. அந்தத் தொகையைப் பதினான்கு மாதத்தில் என் கைக்காசிலிருந்து கட்டி முடித்தேன். பவுல் அப்போஸ்தலன் காணிக்கைப் பணத்தைக் குறித்து, கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாய் நடக்கக் கவனமாயிருந்தார் (2 கொரிந்தியர் 8:20, 21). டிப்ளமோவில் அந்தப் பாடத்தில் நல்ல மார்க் வாங்கியிருந்தேன். என்ன பிரயோஜனம்?

இது புதிய தந்திரமல்ல

பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். 19-ம் நூற்றாண்டிலேயே, ஸ்பெயின் சிறையில் ஒரு பணக்காரர் அடைபட்டிருக்கிறார், அவரை விடுவிக்கப் பணம் அனுப்பினால் புதையலில் பங்கு என்று கடிதம் எழுதி ஏமாற்றியிருக்கிறார்கள். 1980-களிலும் 1990-களிலும் நைஜீரியாவிலிருந்து தபாலிலும் ஃபேக்ஸிலும் இதே கதை வந்தது. அந்நாட்டுக் குற்றச் சட்டத்தில் மோசடிக்கான பிரிவு 419. அதனால் உலகமெங்கும் இதற்கு "419 மோசடி" என்றே பேர். ஈமெயில் வந்தபின் பிரிட்டிஷ் லாட்டரி, கொக்கோ கோலா, மைக்ரோசாப்ட் என்று பெரிய பேர்களைப் போட்டு, உங்கள் மெயில் முகவரிக்குப் பரிசு விழுந்தது என்று அனுப்பினார்கள். இப்போது வாட்ஸ்அப்பில் அமிதாப் பச்சன் படம் போட்டு, கே.பி.சி. லாட்டரியில் 25 லட்சம் என்று வருகிறது. அப்படி வரும் பல அழைப்புகளில் நம்பர் +92 என்று ஆரம்பிக்கும். அது பாகிஸ்தான் நம்பர்.

நம்முடைய ரிசர்வ் வங்கி 2010 மே மாதத்திலேயே பேங்குகளுக்கு இதைப்பற்றி எச்சரிக்கை அனுப்பியிருந்தது. வெளிநாட்டுப் பரிசு என்று ஆசைகாட்டி, இந்தியாவிலுள்ள பேங்க் கிளைகளில் தனி ஆட்கள் பேரில் கணக்குத் திறந்து, கட்டணம் என்று பணம் வசூலிக்கிறார்கள் என்பதே அந்த எச்சரிக்கை. எனக்கு நடந்தது அச்சு அசலாய் அதுதான். தூரதேசத்தார் என்றவர்கள் பக்கத்தில்தான் இருந்தார்கள்!

மலைக்கு மேலே உள்ள வலை

இனி அந்த ஜீப் தம்பியின் காரியம். தமிழ்நாட்டில் லாட்டரி விற்பனை 2003 ஜனவரியில் தடைசெய்யப்பட்டது. ஆனால் நாம் இருப்பது எல்லை. போடிமெட்டு தாண்டினால் கேரளா. அங்கே 1967-ல் அரசாங்கமே லாட்டரித் துறையைத் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. கூலிக்குப் போகிறவர்கள் டீக்கடையில் சீட்டைப் பார்க்கிறார்கள், மனசு இழுக்கிறது. இந்த இழுப்பைத்தான் வலைபோடுகிறவன் உபயோகிக்கிறான்.

வாட்ஸ்அப்பில் விளம்பரம் வரும். 40 ரூபாய் அனுப்பினால் கேரளா லாட்டரி எடுக்கலாம். அனுப்பினால் சீட்டின் படம் வரும். குலுக்கலுக்குப் பிறகு உங்கள் நம்பருக்கு ஐந்து லட்சம் விழுந்தது என்று ஒரு பட்டியல் வரும். பணத்தைப் பெற ஜி.எஸ்.டி., முத்திரைக் கட்டணம் என்று கேட்பார்கள். கட்டினபின், ரிசர்வ் வங்கியிலிருந்து பேசுகிறோம், பணம் முடக்கப்பட்டிருக்கிறது, இன்னும் கட்டுங்கள் என்று மிரட்டுவார்கள். 2024-ல் கேரள காவல்துறையே இந்தமாதிரிப் போலி விளம்பரங்களைக் குறித்தும் போலி ஆப்களைக் குறித்தும் ஜனங்களை எச்சரித்தது. தம்பி இந்தப் படிகளில் மூன்று படி ஏறிவிட்டார்.

உண்மை என்னவென்றால், கேரள அரசு லாட்டரி காகிதச் சீட்டாய் மட்டுமே விற்கப்படுகிறது. ஆன்லைனிலோ வாட்ஸ்அப்பிலோ விற்பனை கிடையாது. பரிசு வாங்க அசல் சீட்டையே 30 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். படத்தைக் காட்டிப் பரிசு வாங்க முடியாது. வருமானவரி 30 சதவீதம் என்றால் அதைப் பரிசிலேயே கழித்துக்கொண்டு மீதியைத்தான் கொடுப்பார்கள். வென்றவன் முன்பணம் கட்டுகிற லாட்டரி பூமியிலே இல்லை.

இதைச் சொன்னதால், மேலே போய் அசல் சீட்டு வாங்கலாம் என்று பாஸ்டர் எழுதினார் என்று யாரும் சொல்லக்கூடாது! உழைப்பில்லாமல் வருகிற பொருள் குறைந்துபோகும், கையால் சேர்க்கிறவனுக்கே பெருகும் என்பது நீதிமொழிகள் 13:11 போதிக்கிற சத்தியம். சீக்கிரம் பணக்காரனாக வேண்டும் என்கிற மனதுதான் கண்ணியில் விழுகிறது என்று 1 தீமோத்தேயு 6:9 எச்சரிக்கிறது. வலை வெளியே இருந்தாலும் அதில் மாட்டுகிற கொக்கி நம் உள்ளே இருக்கிறது.

பொறுக்கிப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்

நம்ம ஊர் சகோதரிகளுக்கு ஏலக்காயைப் பொறுக்கத் தெரியும். வெடித்தது, பூச்சி அரித்தது, சொறி விழுந்தது, சாயம் ஏற்றினது எல்லாம் கை பட்டவுடன் தெரியும். அந்தத் திறமையை இந்த மெசேஜ்களிலும் காட்டுங்கள். அடையாளங்கள் இவை:

1. எடுக்காத சீட்டுக்குப் பரிசு. விதைக்காத நிலத்தில் அறுவடை கிடையாது.

2. கொடுக்கிறவன் முதலில் கேட்கிறான். கட்டணம், வரி, கஸ்டம்ஸ், சான்றிதழ், பேர் எதுவானாலும் சரி. ஒவ்வொன்றும் "இதுதான் கடைசி" என்று வரும். போன காசை மீட்க இன்னொரு காசு போடவைப்பதே தந்திரம். கர்த்தர் பணமில்லாதவனைத் தம்மிடம் வரச்சொல்லி இலவசமாய்க் கொடுக்கிறவர் (ஏசாயா 55:1). பிசாசு இலவசம் என்று கூப்பிட்டு விலை கேட்பான்.

3. அவசரமும் இரகசியமும். "24 மணி நேரத்துக்குள்", "யாரிடமும் சொல்ல வேண்டாம்." ஆலோசனைக்காரர் அநேகர் இருந்தால் பாதுகாப்பு உண்டு என்று நீதிமொழிகள் 11:14-ல் படிக்கிறோம். அதனால்தான் யாரிடமும் சொல்லாதே என்கிறான்.

4. பெரிய பேர், சின்ன முகவரி. ரிசர்வ் வங்கி, பெரிய கம்பெனி என்று பேர் இருக்கும். மெயில் முகவரியோ யாரும் இலவசமாய்த் திறக்கக்கூடியது. கணக்கு ஒரு தனி ஆளுடையது. ரிசர்வ் வங்கி தனி மனிதருக்குக் கணக்கு வைப்பதில்லை, பரிசைப்பற்றி யாருக்கும் மெயில் அனுப்புவதுமில்லை. வெளிநாட்டு லாட்டரிச் சீட்டு வாங்க இங்கிருந்து பணம் அனுப்புவதே 2000-ம் ஆண்டின் அந்நியச் செலாவணி விதிகளின்படி தடை.

5. வசனம் போட்டு வருகிற கடிதம். ஊழியக்காரர்களே, இது நமக்காகவே செய்த தூண்டில். சாத்தான் ஒளியின் தூதன் வேஷம் போடுவான் (2 கொரிந்தியர் 11:14). வருகிற எல்லா ஆவியையும் நம்பாமல் சோதித்துப் பார்க்கச் சொல்லுகிறது 1 யோவான் 4:1. சோதிப்பது அவிசுவாசமல்ல, கீழ்ப்படிதல். அன்று அந்தச் சகோதரியை அவிசுவாசி என்றேனே, விசுவாசத்தில் நின்றது அவர்கள்தான்.

6. ஓ.டி.பி., ஏ.டி.எம். பின் நம்பர், ஆதார் நகல், பாஸ்புக் படம் கேட்டால் அதோடு பேச்சை முடியுங்கள். பணம் பெற பின் நம்பர் போட வேண்டிய அவசியம் இல்லை. பின் போட்டால் பணம் போகும்.

"இவ்வளவு மோசமான இங்கிலீஷில் எழுதுகிறானே, யார் நம்புவார்?" என்று சிலர் கேட்பார்கள். 2012-ல் மைக்ரோசாப்ட் ஆய்வாளர் கார்மாக் ஹெர்லி இதை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். நம்பமுடியாத கதையைப் போட்டால் சந்தேகப்படுகிறவர்கள் முதலிலேயே விலகிப்போவார்கள். மிஞ்சுகிறவர்கள் கடைசிவரை பணம் கட்டக்கூடியவர்கள். ஆகவே அந்த மோசமான கதையே ஒரு சல்லடை. காயை 8 மில்லிமீட்டர் சல்லடையில் போட்டுப் பருங்காயைத் தனியாய் எடுக்கிற மாதிரி! பேதுருவைச் சல்லடையில் போடச் சாத்தான் கேட்டான் என்று ஆண்டவர் சொன்னார் (லூக்கா 22:31). ஆண்டவர் அவனுக்காக வேண்டிக்கொண்டார். நமக்காகவும் வேண்டிக்கொள்ளுகிறார். ஆனால் சல்லடையில் நாமே போய் ஏறி உட்காரக்கூடாது.

விழுந்துவிட்டால்

உடனே 1930 என்ற நம்பருக்குப் போன் பண்ணுங்கள். இது சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்லுகிறோமோ, பணம் அடுத்த கணக்குக்குப் போகுமுன் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு. மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் எழுதலாம். உங்கள் பேங்கிலும் சொல்லுங்கள். மெசேஜ்களை வெட்கப்பட்டு அழித்துவிடாதீர்கள், அவைதான் சாட்சி. ஆள்மாறாட்டம் செய்து கம்ப்யூட்டர் மூலம் ஏமாற்றுகிறவனுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் மூன்று வருஷம் வரை சிறைத்தண்டனை உண்டு. "போன பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் கட்டுங்கள்" என்று பிறகு ஒருவன் வருவான். அவனும் அதே கூட்டம்.

வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. "உன் பேங்க் கணக்கைக் கொடு, கமிஷன் தருகிறேன்" என்றால் கொடுக்காதீர்கள். எவனோ ஒரு ஏழையின் கூலி உங்கள் கணக்கு வழியாய்ப் போகும். போலீஸ் முதலில் வருவது உங்கள் வீட்டுக்கு.

கடைசியாய் ஒன்று. ஜீப் தம்பி ஏன் 12 நாள் சொல்லவில்லை? "லாட்டரி வாங்கினேன்னு தெரிஞ்சா சபையில என்ன நினைப்பாங்க" என்ற பயம். நான் ஏன் ஐந்து வாரம் சொல்லவில்லை? பாஸ்டர் என்ற பேர். மோசக்காரன் நம் பணத்தை எடுக்கிறான். நம் வெட்கம் அவனுக்குக் காவல் நிற்கிறது. குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணச் சொல்லுகிறாரே யாக்கோபு (5:16), அது இதற்கும் பொருந்தும். நம்முடைய சபையில் ஏமாந்தவரைப் பார்த்து யாரும் சிரிக்கக்கூடாது. "எப்ப நடந்துச்சு? வா, முதல்ல போன் பண்ணுவோம்" என்று சொல்லுங்கள். தம்பியோடு நான் போய்ப் புகார் கொடுத்தேன். வீட்டிலும் சொல்லியாயிற்று. பணம் இன்னும் வரவில்லை. ஆனால் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து பாடுகிறார், ஸ்தோத்திரம்!

கூரை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். மூன்று வருஷம் கழித்துப் போட்டோம். லண்டனிலிருந்து ஒரு பைசா வரவில்லை. பத்தும் இருபதுமாய் வந்த காணிக்கைதான். கர்த்தருடைய ஆசீர்வாதம் ஐசுவரியத்தோடு வேதனையைச் சேர்த்துத் தராது என்ற நீதிமொழிகள் 10:22-ன் அர்த்தம், அந்தக் கூரைக்குக் கீழே முதல் மழை பெய்தபோதுதான் எனக்கு முழுசாய்ப் புரிந்தது.

வீட்டு ஜெபக்கூட்டத்தில் பேச:

1. யோசுவா 9:7-ல் வந்த நல்ல சந்தேகத்தை இஸ்ரவேலர் ஏன் விட்டுவிட்டார்கள்? நாம் எப்போது அப்படி விடுகிறோம்?
2. அப்பத்தைப் பார்த்ததற்கும் கர்த்தரைக் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் என்ன?
3. உங்கள் வீட்டில் போன் வைத்திருக்கிற பெரியவர்களுக்கு மேலே சொன்ன ஆறு அடையாளங்களும் 1930 என்ற நம்பரும் தெரியுமா? இந்த வாரமே சொல்லிக்கொடுங்கள்.
4. யாருக்கும் சொல்லாமல் வைத்திருக்கிற நஷ்டம் உங்களுக்கு உண்டா? யாரிடம் சொல்லப்போகிறீர்கள்?

ஜெபம்: பரலோகப் பிதாவே, எங்கள் ஜனங்கள் மலை ஏறி இறங்கிச் சம்பாதிக்கிற கூலியைக் காத்தருளும். எங்களுக்குள் இருக்கிற பேராசையின் வேரைப் பிடுங்கிப்போடும். சோதித்தறிகிற ஆவியைத் தாரும். ஏமாந்துபோனவர்களுக்கு வாய் திறக்கத் தைரியமும், கேட்கிற எங்களுக்கு மன உருக்கமும் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஆமென்.